பாறை கசியும் இடத்தில் பூக்கும் காசித்தும்பை

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். மழை மட்டும் பெய்யாது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று தன் சுமையை மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக அந்த இடைவெளி வழியே நெல்லைச் சீமைக்குள் பாய்கிறது. முப்பந்தல் காற்றாலைகளுக்கு அது அறுவடைக் காலம். அதே நாளில் நாகர்கோவிலிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை, பாலமோர் போகும் பஸ்ஸில் ஏறினால், மலையடிவாரம் வந்ததும் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட வேண்டியிருக்கும். முப்பந்தலின் உடைமரமும் கள்ளியும் ஒரு பக்கம். பாசி படர்ந்த பாறையும் பெரணியும் மறுபக்கம். இவ்வளவு சிறிய மாவட்டத்துக்குள் இவ்வளவு பெரிய மாற்றம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் மழைமானிக் கணக்கைக் காட்டுவார்கள். நான் ஒரு செடியைக் காட்டுவேன்: காட்டுக் காசித்தும்பை.

வீட்டு முற்றத்தில் நிற்கும் காசித்தும்பையை எல்லோருக்கும் தெரியும். அடுக்கடுக்காக இதழ் விட்டு, இலைக்கக்கங்களில் நெருக்கமாகப் பூத்து நிற்கும் செடி அது. அதன் காட்டு உறவினர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் நூறு இனங்களுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பகுதி இந்த மலைத்தொடரை விட்டு வெளியே எங்கும் கிடையாது. இம்பேஷன்ஸ் என்பது தாவரவியல் வைத்த பேரினப் பெயர். உலகம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய பேரினம் இது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், கிழக்கு இமயமலை, தென்கிழக்கு ஆசியா, பிறகு நம் தென்னிந்தியாவும் இலங்கையும் என்று ஈரமலைகள் இருக்கும் இடமாகப் பார்த்துக் குடியேறியிருக்கிறது.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஒன்று. ஐப்பசியில் இடியோடு வரும் வடகிழக்குப் பருவமழை மற்றொன்று. நம் ஏலாக்களில், அதாவது வயல்வெளிகளில், நெல்லும் அதற்கேற்பக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். மலையிலுள்ள காசித்தும்பைகளும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் வாழ்கின்றன. ஆனியில் முளைவிட்டு, ஆடி, ஆவணியில் பூத்துக் குலுங்கி, புரட்டாசியில் சற்று மூச்சு வாங்கும். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தால் சில இடங்களில் மார்கழி வரை தாக்குப்பிடிக்கும். வடக்கே ஒரே பருவமழையை நம்பியிருக்கும் மலைகளில் செப்டம்பர், அக்டோபரோடு கதை முடிந்துவிடும். இங்கே வருடத்தின் பிற்பகுதியிலும் இரண்டாம் ஆட்டம் உண்டு.

என்னைக் கட்டிப்போட்டது தண்டே இல்லாத வகை. இம்பேஷன்ஸ் ஸ்கேபிஃப்ளோரா என்பது அதன் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் நனைந்த பாறைகளில் பரவலாகக் காணப்படும் இனம். ஒவ்வொரு முறையும் அந்த நீளப் பெயரை எழுத முடியாது என்பதால், இந்தக் கட்டுரைக்குள் மட்டும் பாறைக் காசித்தும்பை என்று சொல்லிக்கொள்கிறேன். மண் என்று சொல்லத்தக்க எதுவும் அதற்குத் தேவையில்லை. செங்குத்தான பாறையில் விரற்கடை கனத்துக்குப் பாசி படர்ந்திருந்தால் போதும். பாசிக்குள் சிறு கிழங்கு ஒன்று புதைந்திருக்கும். மழை தொடங்கியதும் அதிலிருந்து ஓரிரு இலைகள், சில நேரம் நாலைந்து, நேரே காம்போடு எழும்பும். அடிப்பகுதி இதய வடிவில் பிளந்த வட்ட இலைகள், பாறையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இலைகளின் நடுவிலிருந்து இலையில்லாத மெல்லிய பூந்தண்டு ஒன்று சாணளவு உயர்ந்து, அதன் நுனியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள் வரிசையாகத் தொங்கும். பூக்களுக்குப் பின்னால் நூல்போல் நீண்டு வளைந்த வால். பார்த்தவர்கள் பாதிப் பேர் ஆர்க்கிட் என்றே சொல்வார்கள். ஆர்க்கிட் பூவோடு ஒரு தொடர்பும் கிடையாது. தேயிலை, இலுப்பை போன்றவை அடங்கிய வரிசையில்தான் காசித்தும்பைக் குடும்பத்தை இப்போது வைத்திருக்கிறார்கள்.

கிழங்குதான் இந்தச் செடியின் கெட்டிக்காரத்தனம். மாசி, பங்குனியில் அதே பாறைக்குப் போனால் கருகிய பாசி மட்டும் இருக்கும்; வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குப் பாறை சுடும். இலை, தண்டு, பூ எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டுக் கிழங்கு அந்த மாதங்களைத் தூங்கிக் கழிக்கிறது. ஒருபருவச் செடிகளாக வாழும் மற்ற காட்டுக் காசித்தும்பைகள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தவை. விதையை மட்டும் விட்டுவிட்டு அவை முழுதாகச் செத்துப்போகும். எது நல்ல வழி என்று சொல்வது கடினம். செங்குத்துப் பாறையில் விதை உருண்டு கீழே விழுந்துவிடும் ஆபத்து அதிகம் என்பதால், பிடித்த இடத்தை விடாமல் வைத்துக்கொள்ளும் கிழங்குதான் அங்கே லாபம் என்பது என் கருத்து.

பூவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கைலென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கண் போதும். முதலில் அந்த வால். அது இதழின் பகுதி இல்லை. பூவின் புல்லியிதழ் ஒன்று வண்ணம் பூசிக்கொண்டு, பின்னால் குழாயாக நீண்டு, நுனியில் தேனைத் தேக்கி வைத்திருக்கிறது. மற்ற இரண்டு புல்லியிதழ்கள் பக்கத்துக்கு ஒன்றாக, கவனித்தால் மட்டும் தெரியும் அளவுக்குச் சிறுத்துவிட்டன. அல்லி இதழ்கள் ஐந்து. மேலே ஒன்று தனியாக நிற்கும். மீதி நான்கும் இரண்டிரண்டாக ஒட்டி, இடமும் வலமும் இரண்டு இறக்கைகளாக விரிந்து, பூச்சி வந்து இறங்கும் மேடையாகிவிட்டன. இன்னொரு விநோதம்: பூக்காம்பு அரைவட்டம் முறுக்கிக்கொள்வதால், நாம் பார்க்கும் பூ தலைகீழாகத் திரும்பிய பூ. மேலே இருந்திருக்க வேண்டிய வால் புல்லியிதழ் அதனால்தான் கீழே வந்திருக்கிறது.

நடுவில், மேல் இதழின் அடியில், வெளிறிய குமிழ் ஒன்று தெரியும். ஐந்து மகரந்தத்தாள்கள் தலைப்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டி, சூலகத்தின் மேல் தொப்பியாகக் கவிழ்ந்திருக்கும் அமைப்பு அது. பூ விரிந்த முதல் கட்டத்தில் அது ஆண் பூ. தேனுக்காகத் தலையை நீட்டும் பூச்சியின் முதுகில் மகரந்தம் மேலிருந்து உரசிப் படியும். சூலகம் பருத்து மேலே தள்ளத் தள்ள, தாள்கள் அடியில் அறுந்து தொப்பி முழுதாகக் கழன்று விழும். அப்போதுதான் சூல்முடி வெளியே வருகிறது. அதே பூ இப்போது பெண் பூ. ஆண் கட்டம் பெரும்பாலும் நீளமானது, பெண் கட்டம் குறுகியது. ஆகவே ஒரு பாறையில் ஐம்பது பூ இருந்தால், அவற்றில் பெரும்பகுதி ஆணாகவும் சிறுபகுதி பெண்ணாகவும் இருக்கும். ஒரு பூ தன் மகரந்தத்தைத் தனக்கே பூசிக்கொள்ளாமல் இருக்க இது வழி. ஆனால் அதே செடியின் பக்கத்துப் பூவிலிருந்து வருவதை இந்த ஏற்பாடு தடுக்காது. முழுக்கப் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று புகழ்வதற்கு முன் இதையும் சொல்லிவிட வேண்டும்.

வாலின் நீளம் விருந்தாளியின் நாக்கு நீளத்தைச் சொல்லும். குட்டையான, பைபோன்ற வால் உள்ள இனங்களுக்குத் தேனீக்கள் வருகின்றன. நீண்டு மெலிந்த வால் உள்ளவற்றுக்குப் பட்டாம்பூச்சிகளும் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளும். சாரல் சற்று விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் அரைமணியில்தான் இவையெல்லாம் வந்து போகும். ஆடி மாத மலையில் அந்த அரைமணி கிடைப்பதே அபூர்வம்; எனவே பூச்சியைப் படம் பிடித்தே தீருவேன் என்று போகிறவர்கள் பெரும்பாலும் நனைந்த கேமராவோடு திரும்புகிறார்கள்.

இனி தண்டுள்ள வகைகள். சாலையோர ஓடைகளிலும் எஸ்டேட்டுக் கான் எனும் வடிகால் ஓரங்களிலும் நிற்பவை பெரும்பாலும் இவைதான். கணுக்கள் பருத்து, வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும் தண்டு. உள்ளே மரநார் என்று எதுவும் பெரிதாக இல்லை. தண்ணீர் அழுத்தம்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. குழாயை மூடினால் தொய்ந்துவிடும் தோட்டத்து ரப்பர் குழாயின் நிலைமைதான் அதற்கும். ஒடித்துக் கையில் எடுத்தால் அரைமணிக்குள் துவண்டுவிடும். அதிகாலையில் இலை விளிம்பின் பற்கள்தோறும் ஒரு துளி நீர் நிற்கும். எல்லாமே பனித்துளி இல்லை. வேர் உறிஞ்சியது மிகையாகும்போது செடியே விளிம்பிலுள்ள துளைகள் வழியே வெளியே தள்ளும் நீர். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் இலை வழியே நீராவியாக அனுப்ப முடியாமல் இப்படிச் சொட்டாக வெளியேற்றுகிறது. தண்ணீரைச் சேமிக்க வேண்டிய அவசியமே வராத இடத்தில் வாழ்கிற செடி, அதைச் சேமிக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

பாறை கசிவதற்கும் காரணம் உண்டு. குமரி மலைகள் பெரும்பாலும் சார்னகைட், நைஸ் வகைக் கடினப் பாறைகளால் ஆனவை. மணற்கல்லைப் போல் உடம்பெல்லாம் தண்ணீரை உறிஞ்சும் பாறை இல்லை இது. மேலே காட்டு மண் பிடித்து வைத்திருக்கும் மழைநீர் கீழே இறங்கி, பாறையின் விரிசல்களை மட்டும் பற்றிக்கொண்டு நகர்கிறது. விரிசல் எங்கே வெளியே வாய் திறக்கிறதோ அங்கே கோடுபோல் ஈரம் கசியும். பாறைக் காசித்தும்பையும் அந்தக் கோட்டை அச்சடித்ததுபோல் வரிசையாக நிற்கும்; கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி ஒன்றும் இருக்காது. பாலமோர்ச் சாலையின் மேட்டுப்பக்கம் இதைப் பார்ப்பது எளிது. மேலே காடு வெட்டப்படாமல் இருக்கும் இடங்களில் மழை நின்று வாரங்கள் கழிந்தும் கசிவு தொடரும், பூவும் தொடரும். மேலே மொட்டையாகிவிட்ட இடங்களில் மழை பெய்யும்போது பாறையில் அருவி கொட்டும்; பெய்து முடித்த மறுவாரமே காய்ந்துவிடும். அத்தகைய பாறையில் பெரணி இருக்கலாம், புல் இருக்கலாம். பாறைக் காசித்தும்பையைத் தேடுவது வீண்.

ரப்பர் பால் வெட்டும் வயதான பெண்மணி ஒருவரிடம் இதைப்பற்றிப் பேசியதுண்டு. மழைக்கு வெட்டு இல்லாததால் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "அம்மா, இந்தப் பூவுக்கு இங்கே என்ன பெயர்?" என்று கேட்டேன். "பெயர் என்ன பெயர், மக்களே! பாறையில் நிற்கிற பூ. பிடுங்கினால் கையில் தண்ணீர்தான் மிஞ்சும்" என்றார். பிறகு அவராகவே, மழைக்காலத்தில் பூ அடர்ந்து நிற்கிற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு கோடையில் அங்கே ஊற்றுத் தோண்டிப் பார்ப்போம் என்றும் சொன்னார். எல்லாக் கசிவும் பங்குனி வரை நிற்பதில்லை, ஆகவே இதை அப்படியே விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் தேடத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கும் தெரியவில்லை.

காடு என்றால் மனிதக் கை படாத இடம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குச் சாலையோரத் தாங்குசுவர் ஒரு பாடம். மலைச்சாலையில் மண் சரியாமல் இருக்கக் கட்டும் கல்சுவரில், பின்னால் தேங்கும் நீர் வெளியேற இடையிடையே பிளாஸ்டிக் குழாய்களை வைத்திருப்பார்கள். பழைய சுவர்களில் அந்தக் குழாய்களின் வாயில் பாசி பிடித்து, பெரணி வந்து, பின்னாலேயே காசித்தும்பையும் வந்துவிடுகிறது. தண்டுள்ள வகைகள் இந்த விஷயத்தில் கூச்சமே படுவதில்லை. பாறைக் காசித்தும்பை அப்படி இல்லை. பல ஆண்டுப் பாசி படர்ந்த இயற்கைப் பாறையை விட்டு அது எளிதில் இறங்கி வராது. ஆகவே சாலையோரம் கண்ட பூக்களை வைத்துக்கொண்டு "காசித்தும்பைக்கு என்ன குறை, எங்கும் நிற்கிறதே" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கும் நிற்பவை நான்கைந்து இனங்கள்தான்.

மற்ற இனங்கள் குறுகிய இடத்தில் அடைபட்டுக் கிடப்பதற்குக் காரணம் அவற்றின் கனியிலேயே இருக்கிறது. பழுத்த கனியைத் தொட்டால் வெடிக்கும் என்பது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கிராமத்தில் வளர்ந்தவர் எவரும் அந்த விளையாட்டை ஆடாமல் வளர்ந்திருக்க மாட்டார். கனியின் சுவர் ஐந்து பட்டைகளால் ஆனது. பட்டைகளின் திசுக்கள் நீரால் புடைத்து, சுருள வேண்டும் என்ற விசையோடு நேராக நிற்கின்றன. அவற்றை இணைத்திருக்கும் தையல்தான் பிடித்து வைத்திருக்கிறது. பழுக்கப் பழுக்கத் தையல் பலவீனமாகும். ஒரு மழைத்துளி, ஓர் எறும்பு, ஒரு விரல் பட்டதும் ஐந்து பட்டைகளும் உள்நோக்கிச் சுருண்டு விதைகளை வீசி எறிகின்றன. எல்லாம் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரிவது சுருண்ட பட்டைகள் மட்டும்.

பார்ப்பதற்குப் பிரமாதம்தான். ஆனால் அந்த விதை எவ்வளவு தூரம் போகிறது? ஓரிரு மீட்டர், மிஞ்சிப்போனால் இன்னும் சில மீட்டர். பறவை தின்று அடுத்த மலைக்குக் கொண்டுபோகும் சதைக்கனி இல்லை. காற்றில் மிதக்கும் பஞ்சும் இல்லை. ஓடை அடித்துக்கொண்டு போனால் கீழ்நோக்கித்தான் போகும். கீழே வெப்பம், அங்கே பிழைக்காது. எனவே ஒரு மலையுச்சியின் காசித்தும்பைக்கு அடுத்த உச்சி எட்டாத தேசம். நடுவிலுள்ள பள்ளத்தாக்கைத் தாண்ட முடியாமல் லட்சக்கணக்கான ஆண்டுகள் தனித்தனியே இருந்து, தனித்தனி இனங்களாகப் பிரிந்துவிட்டன. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, ஏலமலை. ஆரியங்காவுக்குத் தெற்கே அகத்தியமலை. ஒவ்வொன்றுக்கும் சொந்தக் காசித்தும்பைகள் உண்டு. அகத்தியமலைத் தொகுதியின் தென்கோடியில் மகேந்திரகிரி நிற்கிறது. அதற்குப் பிறகு ஆரல்வாய்மொழி இடைவெளி. அதற்கும் தெற்கே உதிரிக் குன்றுகள். மூலிகைக்குப் பெயர்போன மருந்துவாழ் மலையும் அந்த உதிரிகளில் ஒன்று. அங்கே மூலிகைகள் ஏராளம் இருக்கலாம்; ஆனால் அது வறண்ட புதர்க்காட்டு மலை. அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையின் துண்டு அது என்ற கதையை நம்புகிறவர்களும், நம்பாதவர்களும், பாறைக் காசித்தும்பையைத் தேடி அங்கே ஏற வேண்டாம்.

இவற்றை இனம் பிரிப்பது தாவரவியலாளர்களைப் படாதபாடு படுத்தியிருக்கிறது. மற்ற செடிகளைப் போல் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்தால் காசித்தும்பைப் பூ கூழாகி, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இறக்கையின் பிளவு எப்படி, வால் எந்தப் பக்கம் வளைகிறது என்ற அடையாளங்கள்தான் இனத்தைச் சொல்பவை; அவையே முதலில் அழிகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்து தென்னிந்தியத் தாவரங்களில் மூழ்கிப்போன ராபர்ட் வைட், ரங்கய்யா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்களை வைத்துச் செடிகளை வரையவைத்தார். காய்ந்த மாதிரி சொல்லாததை அந்த ஓவியங்கள் சொல்கின்றன. கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜோசப் டால்டன் ஹூக்கர், டார்வினின் நெருங்கிய நண்பர். ஓய்வுபெற்ற பிறகு, தொண்ணூறைத் தாண்டிய வயதிலும், காய்ந்த காசித்தும்பைப் பூக்களை நீரில் நனைத்து இதழ் இதழாகப் பிரித்துக்கொண்டிருந்தார். 1911இல், 94 வயதில் இறக்கும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை. இப்போது களத்திலேயே பூவைப் பிரித்துத் தனித்தனியாக ஒட்டிவைக்கிறார்கள், சாராயத்தில் ஊறப்போடுகிறார்கள், எல்லாக் கோணத்திலும் படம் எடுக்கிறார்கள். வைட்டிடம் ஓவியர்கள் இருந்தார்கள்; நம்மிடம் செல்போன் இருக்கிறது. எனவே பூவைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்பக்கம் மட்டும் எடுத்துத் திரும்பிவிடாதீர்கள். பக்கவாட்டில் வால் முழுதாகத் தெரியும்படி ஒன்று, இலையின் அடிப்பகுதி ஒன்று, காய் ஒன்று. இவை இல்லாத படத்தை வைத்துக்கொண்டு "இது என்ன இனம்" என்று கேட்டால் ஹூக்கர் எழுந்து வந்தாலும் சொல்ல முடியாது.

முற்றத்துக் காசித்தும்பைக்கும் இதே தென்னாசிய நிலம்தான் பிறப்பிடம். அதன் காட்டு வடிவம் அடுக்கு இல்லாத ஒற்றைப் பூவோடு மலையடிவாரத்து ஈரச் சரிவுகளில் இன்றும் நிற்கிறது. காய் மட்டும் முற்றத்துச் செடியைப் போலவே ரோமம் போர்த்தியிருக்கும். அதன் இலையிலும் பூவிலும் மருதாணியில் உள்ள அதே சாயப்பொருள், லாசோன், இருக்கிறது. அரைத்து நகத்தில் கட்டினால் சிவக்கும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் ஓணத்துக்கு அத்தப்பூ இடும்போது முற்றத்துக் காசித்தும்பையும் களத்தில் இறங்கும். அந்த நாட்களில் தோவாளைப் பூச்சந்தையில் கேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்கு ஏறும். காசித்தும்பைக்கு அங்கே விலையில்லை, எடைத்தட்டில் வைப்பதற்குள் வாடிவிடும் பூவை எந்த வியாபாரியும் தொடமாட்டார். அது காட்டுச் செடிகளுக்கு நல்லதாகப் போயிற்று.

காட்டு வகைகளுக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. தோட்டங்களில் களை வெட்ட ஆள் கிடைக்காததால் களைக்கொல்லி அடிக்கிறார்கள். வேலைக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனால் ரப்பர் மரத்தடியில் அடிப்பதோடு நிறுத்தாமல் கானோரத்துக்கும் பாறைக்கும் சேர்த்து அடிப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. சாலையை அகலப்படுத்தும்போது கசியும் பாறையை உடைத்து, மேலே சிமென்ட் பூசிவிடுவது இன்னொன்று. குழாய் வைத்த கல்சுவரில் செடி திரும்பி வரும். முழுக்கப் பூசிய சிமென்ட்டில் வராது. மாறமலைப் பக்கம் கிராம்புத் தோட்டங்கள் இருக்கும் உயரத்தில் நிலைமை சற்றுத் தேவலை. கிராம்புக்கும் நிழலும் மூடுபனியும் ஈரக்காற்றும் வேண்டும். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பின் மணத்துக்கு எந்த ஈரம் காரணமோ, அதே ஈரத்தில்தான் இந்தச் செடிகளும் நிற்கின்றன. கிராம்பு விவசாயி மேலே உள்ள காட்டைக் காப்பாற்றினால் அவருக்கும் லாபம் என்பதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடும்பத்தில் விசித்திரமான ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காசித்தும்பைக் குடும்பத்தில் இரண்டே பேரினங்கள்தான். ஒன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களோடு உலகாளும் இம்பேஷன்ஸ். மற்றொன்று ஹைட்ரோசெரா, அதில் இருப்பது ஒரே ஒரு இனம். அது மலைக்கே போகாமல் தாழ்நிலத்துக் குளங்களிலும் சதுப்பிலும் வாழ்கிறது. அதன் கனி வெடிக்காது. பெர்ரி போல் சிவந்து, தண்ணீரில் விழுந்து மிதந்து போகும். வெடிக்கும் வித்தையைக் கற்ற தம்பி ஆயிரமாகப் பெருகினான், கற்காத அண்ணன் ஒற்றையாக நின்றுவிட்டான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஆயிரமாகப் பெருகியதில் வெடிப்பின் பங்கு எவ்வளவு, மலைகளின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஆடி பதினைந்திலிருந்து ஆவணிக் கடைசிவரை நல்ல காலம். கீரிப்பாறை, பாலமோர் சாலையின் மேட்டுப்பக்கப் பாறைகளே போதும். காட்டுக்குள் நுழையத் தேவையில்லை, அனுமதியின்றி நுழையவும் கூடாது. இந்தக் காடுகள் 2001இல் அறிவிக்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி. யானையும் உண்டு. மேல்கோதையாறு, முத்துக்குழிவயல் பக்கம் போக வேண்டுமென்றால் வனத்துறையிடம் முன்பே கேட்டாக வேண்டும். கிழங்கைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள், வீட்டில் இருபத்துநான்கு மணி நேரமும் கசியும் பாறை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும். குடை எடுத்துவர வேண்டாம். லென்ஸைப் பிடிக்கவும் பாறையைப் பற்றவும் இரண்டு கையும் தேவைப்படும். மழைக்கோட்டு போதும். அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு, காலுறையை முழங்கால் வரை இழுத்துவிடவும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் இறங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.